அடுத்த ஷிப்டுக்கு வருபவர்

பிள்ளைகளே,

1974இல் பெங்களூரின் ஒரு பொதுத்துறை ஆலையில் கீ பஞ்ச் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது 20 வயது. கணினி அறையில் எந்நேரமும் ஏ.சி. ஓடும். புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நாங்கள் 12 பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அட்டையில் ஓட்டை போடுவோம். காலை ஷிப்டுக்கு ஒரு கூட்டம், மதிய ஷிப்டுக்கு ஒரு கூட்டம். எங்கள் சூப்பர்வைசர் அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "நீ எழுந்து போனதும் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவள், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைத் தொடர வேண்டும்." முடிந்த அட்டை எது, முடியாதது எது, சந்தேகம் எதில் என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டின் மேல் வைத்த பிறகுதான் எங்களை வீட்டுக்கு விடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை மாலைகளில் அல்சூரில் என் வீட்டு முன்னறையில் கணினி சொல்லித் தருகிறேன். எஸ்.பி. ரோட்டில் பழைய விலைக்கு வாங்கிய நான்கு கணினிகள் இருக்கின்றன. 2024இல் பி.யூ.சி. படித்த நான்கு பிள்ளைகள் சேர்ந்து, தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தார்கள். ஒய்சளர் காலத்துக் கல்வெட்டுகள் அவை; இன்றைய தொம்லூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிப்பவை. அந்த மூன்று மாதங்களில் நான் அவர்களுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களுக்காக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த அம்மா சொன்ன ஒரே சட்டம்தான்.

1. கணினிக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான்.

எங்கள் அட்டையில் 80 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 12 இடம். ஓரிடத்தில் ஓட்டை இருக்கும், அல்லது இருக்காது. ஆங்கில ஏ எழுத்துக்கு ஒரே நெடுவரிசையில் இரண்டு ஓட்டை. இன்றைய கணினிக்குள்ளும் இதே கதைதான்: மின்சாரம் உண்டு, இல்லை, ஒன்று, சுழியம். அந்த ஒற்றை உண்டு-இல்லைக்குப் பெயர் பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதில் 256 விதமான சேர்க்கை பிறக்கும்.

தமிழ் இதற்குள் எப்படி நுழைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் ஏற்பாடு யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 'தமிழ்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து எண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் மொத்தம் 15 பைட். ஒரு 'ழ்' போட்டுவிட்டு அழிபொத்தானை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். பல செயலிகளில் புள்ளி மட்டும் போய் 'ழ' நிற்கும். அப்படி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? நம் நால்வரில் ஒருவனின் தாத்தா தொம்லூர்க் கோயிலைப் பற்றி 20 வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரை கிடைத்தது. அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் அடித்தது. திறந்தால் தமிழே இல்லை, ஏதேதோ குறிகள். கடைசியில் எழுத்துமாற்றி ஒன்றைத் தேடிப் பிடித்து அதை மீட்டோம். எப்போதும் யூனிகோடிலேயே அடியுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். இரண்டு வாரம் விரல் திணறும், பிறகு ஆயுசுக்கும் கைகொடுக்கும்.

2. அளவு உங்கள் கைக்குத் தெரிய வேண்டும்.

கே.பி., எம்.பி., ஜி.பி. என்று வாய் சொல்கிறது, மனசுக்கு எடை தெரிவதில்லை. என் கணக்கைச் சொல்கிறேன். ஓர் அட்டையில் 80 எழுத்து. ஒரு பெட்டிக்கு 2000 அட்டை. நீங்கள் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரியும் 16 ஜி.பி. பென்டிரைவில் இருப்பதை அட்டையில் குத்தினால் 20 கோடி அட்டை, ஒரு லட்சம் பெட்டி. எங்கள் ஆலையின் கிடங்கு முழுவதையும் காலி செய்தாலும் இடம் போதாது.

கோயில் நிலைக்காலைக் கைப்பேசியில் எடுத்த ஒரே படம் 4 எம்.பி. இருந்தது. அது 25 பெட்டி. நால்வரும் சேர்ந்து எழுதிய 1500 சொல் கட்டுரையோ 50 கே.பி.கூட வராது, ஒரு பெட்டியின் மூன்றில் ஒரு பங்கில் அடங்கிவிடும். கட்டுரைக்குள் இப்படி 30 படங்களைத் திணித்துவிட்டு, "மிஸ், திறக்கவே மாட்டேங்குது" என்றால் பாவம், அது என்ன செய்யும்? மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் அப்படியே வையுங்கள். கட்டுரைக்குள் சுருக்கிய படத்தைப் போடுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. உங்கள் மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் பொதுவானது என்பதும் நினைவிருக்கட்டும்.

3. வாசல் கோலத்தையும் கல்வெட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும் வரி, கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அது வாசலில் போட்ட கோலம். கரண்ட் போனால் தண்ணீர் தெளித்த மாதிரி. சேமித்த பிறகுதான் வட்டிலோ சில்லிலோ பதிந்து கல்வெட்டாகிறது. ரேம் 8 ஜி.பி., சேமிப்பு 256 ஜி.பி. என்று கடைக்காரர் சொல்லும்போது, முதலாவது எவ்வளவு பெரிய வாசல், இரண்டாவது எவ்வளவு பெரிய கற்சுவர் என்று புரிந்துகொள்ளுங்கள். வாசல் சிறிதாக இருந்தால் ஒரே நேரத்தில் பல வேலையைத் திறக்கும்போது கணினி திணறும். அப்போது கோப்புகளை அழிப்பதால் பெரிய பயன் இல்லை. திறந்து கிடக்கும் ஜன்னல்களை மூடுங்கள்.

இணையத்தில் இருக்கும் ஆவணங்கள் தாமாகவே சேமித்துக்கொள்ளும். ஆனால் நெட் இருந்தால்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். மேலே 'சேமிக்கப்பட்டது' என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

4. கோப்பு எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் வளர்ந்த உங்களுக்கு இது புதிது. அங்கே படம் கேலரியில் வரும், பாட்டு செயலியில் வரும். எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் உங்களைக் கேட்டதில்லை. கணினி கேட்கும். "மிஸ், நேற்று டவுன்லோட் பண்ணினேன், காணோம்" என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கோப்புறை என்பது தபால் முகவரி மாதிரி. மாநிலம், ஊர், தெரு, வீட்டு எண் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். எங்கள் வகுப்பில் எழுந்து போகுமுன் ஒவ்வொருவரும் தங்கள் முகவரியை உரக்கச் சொல்ல வேண்டும்: "டிரைவ், தொம்லூர் புராஜெக்ட், படங்கள், நிலைக்கால், வலப்பக்கம்." சொல்ல வராவிட்டால் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் பஸ்சுக்குப் போகலாம்.

5. பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது.

1976இல் ஒரு நாள் சம்பளக் கணக்கு அட்டைகள் 600 இருந்த தட்டு என் கையிலிருந்து நழுவியது. அட்டையின் கடைசி எட்டு நெடுவரிசையில் வரிசை எண் குத்துவது வழக்கம். அந்தக் கட்டுக்கு அவசரத்தில் நான் குத்தவில்லை. அடுக்கிய அட்டைகளின் மேல் விளிம்பில் குறுக்காக ஒரு மைக்கோடு இழுத்திருந்தால்கூட, கலைந்த அட்டைகளைக் கோட்டைப் பார்த்தே அடுக்கியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இரண்டு தோழிகள் வீட்டுக்குப் போகாமல் என்னோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாகப் படித்து அடுக்கினார்கள். என் சோம்பலுக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். அந்த வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று நீங்கள் வைக்கும் பெயர்கள் தரையில் சிதறிய அந்த அட்டைகள்தான். தேதியை முன்னால் போடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்: 2024-08-17 தொம்லூர் நிலைக்கால் இடப்பக்கம். அப்படிப் போட்டால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். அதுதான் உங்கள் மைக்கோடு.

6. ஒரு வேலைக்கு ஒரு பிரதி, ஓரிடம்.

நம் நால்வரும் முதல் பத்து நாள் வாட்ஸ்அப்பில் கட்டுரையை அனுப்பி விளையாடினார்கள். ஒருத்தி முன்னுரையைத் திருத்தி அனுப்புவாள். அதே நேரம் இன்னொருவன் பழைய பிரதியில் முடிவுரையைச் சேர்த்து அனுப்புவான். பத்தாம் நாள் ஏழு பிரதி. எதில் எது சரி என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று ஒரு கூகுள் ஆவணத்தைத் திறந்து, ஏழையும் ஒன்றாக்கி, இணைப்பை மட்டும் குழுவில் போடச் சொன்னேன். பண்டத்தைப் பல கை மாற்றாமல், பண்டம் இருக்கும் இடத்தைச் சொல்வது. கூட்டுவேலைக் கருவிகள் அனைத்துக்கும் அடிப்படை இதுதான். மேகம் என்று சொல்கிறார்களே, அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓடும் வேறொருவருடைய கணினி. உங்கள் விரல் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய், அங்கிருந்து மற்ற மூவரின் திரைக்கு வருகிறது.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் கணினி ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு மேடையில் உட்கார்ந்து, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரோடு ஒரே திரையில் ஒரே எழுத்துப் பகுதியில் வேலை செய்து காட்டினார். உலகம் மவுசை முதன்முதலாகப் பார்த்ததும் அந்த மேடையில்தான். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே அலுவலகம் திறந்து, செயற்கைக்கோள் வழியே தன் அமெரிக்கப் பொறியாளர்களோடு பெங்களூர்ப் பொறியாளர்களைச் சேர்த்து வேலை வாங்கியது. தூரத்தில் இருப்பவரோடு ஒரே வேலையில் கை வைக்கலாம் என்பதால்தான் இந்த ஊர் இன்று இப்படி இருக்கிறது. நம் நால்வரின் ஆவணமும் அந்த வழியில் வந்ததுதான்.

7. யாருக்கு எந்தச் சாவி என்று யோசித்துக் கொடுங்கள்.

பகிரும்போது மூன்று சாவி உண்டு. பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த. குழுவில் வேலை செய்பவர்களுக்குத் திருத்தும் சாவி. ஆசிரியருக்குக் கருத்துச் சாவி. அண்ணன், அக்கா, தோழிக்குப் பார்க்கும் சாவி போதும். 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று வைத்து அந்த இணைப்பை நூறு பேர் இருக்கும் குழுவில் போட்டால், தெருக்கதவைத் திறந்துவைத்துவிட்டு ஊருக்குப் போன மாதிரி. புராஜெக்ட் முடிந்ததும் சாவிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

8. அழிந்தது என்று அழாதீர்கள், வரலாற்றைத் திறங்கள்.

ஒரு சனிக்கிழமை நம் குழுவில் ஒரு பெண் கண் கலங்கி வந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பத்தி காணோம். வேண்டுமென்றே அழித்துவிட்டான் என்று ஒரு பையன் மேல் சந்தேகம். இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பதிப்பு வரலாற்றைத் திறந்தேன். ஒவ்வொருவர் மாற்றமும் ஒவ்வொரு நிறத்தில், நாளும் நேரமும் போட்டு நின்றது. அந்தப் பத்தியை அழித்த நிறம் அவளுடையதே. இரவு 11:40க்குக் கைப்பேசியில் திறந்து, தூக்கக் கலக்கத்தில் விரல் பட்டிருக்கிறது. ஒரே சொடுக்கில் மீட்டோம். அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவனும் பெரிதுபடுத்தவில்லை.

விக்கிப்பீடியா நிற்பதும், அழிந்ததை மீட்கலாம் என்ற இந்த நம்பிக்கையில்தான். வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995இல் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார்; யார் வேண்டுமானாலும் மாற்றலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரைக்கும் மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கும். யார் எப்போது எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று முதல் நாளிலிருந்து காட்டும். ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரையின் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். முகம் தெரியாத பத்துப் பேர் ஒரு பக்கத்தை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். யார் மேலாவது குற்றம் சொல்லுமுன் வரலாற்றைப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

9. உங்கள் வேலைக்கு இரண்டாவது கண் தேடுங்கள். அடுத்தவர் வேலைக்கு நீங்கள் அந்தக் கண்ணாக இருங்கள்.

எங்கள் அறையில் இரண்டு வகை இயந்திரம் உண்டு. ஒன்று ஓட்டை போடுவது. இன்னொன்று வெரிஃபையர். நான் குத்திய அட்டையை என் தோழி வெரிஃபையரில் செருகி, அதே காகிதத்தைப் பார்த்து அதே எழுத்துகளை மறுபடி தட்டுவாள். அவள் தட்டியதும் என் ஓட்டையும் ஒத்துப்போனால் அட்டை நகரும். ஒத்துப்போகாவிட்டால் விசைகள் பூட்டிக்கொண்டு விளக்கு எரியும். மறுபடி தட்டுவாள். மூன்றாம் முறையும் ஒத்துவராவிட்டால், தவறு இருக்கும் நெடுவரிசைக்கு நேர்மேலே அட்டையின் விளிம்பில் இயந்திரம் சின்னதாக ஒரு வெட்டு வெட்டும். முழுதும் சரியான அட்டைக்கு வலது ஓரத்தில் ஒரு வெட்டு. கட்டை எடுத்து வலப்பக்கம் விரலால் தடவினால் போதும், எல்லாம் பார்த்தாயிற்று என்று தெரியும்.

அவள் ஒருபோதும் என் அட்டையில் தானாக ஓட்டை போட்டதில்லை. தவறு இருக்கும் இடத்தைக் காட்டுவாள். மறுபடி குத்துவது என் வேலை. அதனால் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்ததில்லை, சம்பளக் கணக்கும் தப்பியதில்லை.

உங்கள் ஆவணத்தில் 'பரிந்துரை' என்று ஒரு முறை இருக்கிறதே, அது இந்த வெரிஃபையர்தான். அடுத்தவர் எழுதியதில் நேரே கை வைக்காதீர்கள். பரிந்துரை முறைக்கு மாற்றிக்கொண்டு திருத்துங்கள். உங்கள் சொல் வேறு நிறத்தில் நிற்கும், அவர் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார். கருத்து எழுதும்போது இடத்தையும் காரணத்தையும் சொல்லுங்கள். "இது நல்லா இல்லை" என்று எழுதினால் எழுதியவருக்கு நோகும், ஒரு உதவியும் இராது. "இந்த வரியில் ஆண்டு இல்லை, எந்த அரசர் காலம் என்று சேர்த்தால் தெளிவாகும்" என்று எழுதினால் அவர் உடனே சரிசெய்துவிடுவார். உங்களுக்கு யாராவது அப்படிக் காட்டினால், முதலில் ஒரு நன்றி எழுதிவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

10. பேசி முடித்ததை எழுதி வையுங்கள்.

கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் பேசுவீர்கள், வாட்ஸ்அப்பில் 200 செய்தி ஓடும். மறுநாள் கேட்டால் ஆளுக்கொரு முடிவு சொல்வீர்கள். பேச்சு முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் ஆவணத்தின் உச்சியில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன முடிவு, யார் செய்வது, எந்த நாளுக்குள். எங்கள் தட்டின் மேல் வைத்த சீட்டு அதுதான்.

11. யார் உழைப்போ அவர் பெயர். எது மூலமோ அதைப் போய்ப் பாருங்கள்.

தொம்லூர்க் கல்வெட்டுகளை முதலில் அச்சில் தொகுத்தவர் பி.எல். ரைஸ். பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகள் அடங்கிய எபிகிராஃபியா கர்நாடிகா 9ஆம் தொகுதி 1905இல் வந்தது. 1909இல் தொடங்கி, இப்போது நிருபதுங்கா சாலையில் இயங்கிவரும் மிதிக் சொசைட்டி, பெங்களூர் வட்டாரத்துக் கல்வெட்டுகளை 2021 முதல் முப்பரிமாண ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்து வருகிறது. கன்னடம், தமிழ், தெலுங்கு என எல்லா மொழிக் கற்களும் அதில் அடக்கம். எத்தனை பேர் வெயிலில் நின்று, சுண்ணாம்பும் பெயின்டும் அப்பிய கல்லைத் துடைத்துப் படித்திருப்பார்கள்! அவர்கள் படித்துத் தந்ததை வெட்டி ஒட்டி உங்கள் பெயரைப் போடுவது திருட்டு. எடுத்த இடத்தைச் சொல்லுங்கள். படம் என்றால் எடுத்தவர் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நம் குழுவில் ஒருவன் கல்வெட்டுப் படத்தை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். அது ஒரு நொடியில் அரசன் பெயர், ஆண்டு, தானம் எல்லாம் சொல்லிவிட்டது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படிக்க எளிது. ஒவ்வொரு எழுத்தாகத் தொகுதியோடு ஒப்பிட்டோம். செயலி சொன்ன அரசன் அந்தக் கல்லில் எங்குமே இல்லை. இருக்கக்கூடியதாகத் தோன்றும் ஒரு பெயரை அது இட்டுக்கட்டியிருந்தது.

அந்தக் கருவிகளைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். புரியாத சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள், வாக்கியத்தைச் சீராக்கக் கேளுங்கள். ஆனால் அது சொன்ன எந்தச் செய்தியையும் மூலத்தோடு ஒப்பிடாமல் எழுதாதீர்கள். அங்கே வெரிஃபையர் நீங்கள்தான். அதைப் பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கட்டுரையின் கீழே சொல்லிவிடுங்கள்.

12. பொதுக் கணினியில் உங்களை விட்டுவிட்டு வராதீர்கள்.

பிரின்ட் எடுக்கச் சைபர் சென்டர் போகிறீர்கள். மின்னஞ்சலைத் திறக்கிறீர்கள், காகிதம் வந்ததும் ஓடிவிடுகிறீர்கள். உங்கள் கணக்கு அங்கேயே திறந்து கிடக்கிறது. மறைநிலை ஜன்னலில் திறங்கள், முடிந்ததும் வெளியேறுங்கள், பதிவிறக்கிய கோப்பை அழியுங்கள். மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், மற்றவற்றுக்கு வேறு. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும், வங்கி என்றாலும் காலேஜ் என்றாலும், சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

13. சொந்தக் கணினி இல்லையே என்று பின்வாங்காதீர்கள்.

இதை உங்களில் சிலருக்காகவே எழுதுகிறேன். 2001இல் இந்த ஊரில் இந்திய அறிவியல் கழகத்தாரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒரு கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டைச் செருகினால் அவரவர் தகவல் அவரவருக்கு என்பது அதன் யோசனை. கருவி சந்தையில் நிலைக்கவில்லை, யோசனை நல்ல யோசனை. அதேபோல், பன்னேர்கட்டா சாலைப் பக்கம் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். பழைய கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே பிள்ளைகள் ஜிம்ப் செயலியில் படம் வரையப் பழகினார்கள்.

நம் நால்வரில் லேப்டாப் இருந்தது ஒருத்திக்கு மட்டும். ஒருவர் தட்டுவார், ஒருவர் கல்வெட்டுத் தொகுதியைப் படிப்பார், ஒருவர் திரையில் பிழை பார்ப்பார். அரைமணிக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். விசைப்பலகையை ஒருவரே பிடித்துக்கொண்டால் மற்றவர் வேடிக்கை பார்க்கப் பழகிவிடுவார். முக்கியமாக, பெண் பிள்ளைகளை நோட்டு எழுத உட்காரவைத்துவிட்டுப் பையன்கள் மவுசைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் என் அறையில் கிடையாது. உங்கள் அறையிலும் வேண்டாம். விலைக்கு மென்பொருள் வாங்க முடியாவிட்டால் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. அதில் தமிழில் எழுத ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். கட்டுரையை ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது, நான்கு பேரில் ஒருத்தியின் குடும்பம் ஓசூருக்குக் குடிபோனது. அவள் இடத்துக்கு வகுப்பில் வேறொரு பெண்ணைச் சேர்த்தார்கள். அந்தச் சனிக்கிழமை புதியவள் வந்து உட்கார்ந்தபோது மற்ற மூவரும் இன்னும் வந்து சேரவில்லை. நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

காபியோடு வந்து பார்த்தால், அவள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தாள். ஆவணத்தின் உச்சியில், போனவள் எழுதிவைத்த மூன்று வரி இருந்தது: நிலைக்கால் வலப்பக்கம் முடிந்தது, இடப்பக்கம் 4ஆம் வரியில் ஓர் எழுத்து சந்தேகம், படம் 2024-09-07 கோப்பில், வரைபடம் இனிமேல்தான். புதியவள் அந்தப் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, நான்காம் வரியில் கண்ணை வைத்திருந்தாள்.

டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, அவளைக் கலைக்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.